லேபிளை மூடிவிட்டுச் சொல்லுங்கள்

காரைக்காலுக்கு வெளியூர் நண்பர்கள் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒன்று திருநள்ளாறு சனீஸ்வரன். இன்னொன்று தமிழ்நாட்டைவிட விலை குறைந்த சரக்கு. போன மாதம் வந்த நண்பன் இரண்டாம் வகை. ஊருக்குத் திரும்பும்போது தன் ஆய்வு நெறியாளருக்குக் கொடுக்க ஒரு ஒயின் பாட்டில் வேண்டும் என்றான். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். கழுத்துப் பக்கம் வட்டமாகத் தங்க நிற ஸ்டிக்கர். "இது மெடல் வாங்குனது சார், தைரியமா குடுங்க" என்றார். எந்தப் போட்டி, யார் நடுவர் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாங்கிவிட்டோம்.

ஒரு வட்ட ஸ்டிக்கருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? நான் படித்துக்கொண்டிருப்பது சமூகவியல். ஒயின் எனக்குத் தெரியாத உலகம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஆண்டுதோறும் ஒயின் போட்டி நடக்கும். ராபர்ட் ஹாட்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் அங்கே சிறிய ஒயின் ஆலை ஒன்றும் நடத்திவந்தார். அவருடைய ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கும். அதே ஒயின் வேறொரு போட்டியில் ஒன்றுமில்லாமல் திரும்பும். ஏன் என்று பார்க்க, போட்டி நடத்துபவர்களின் சம்மதத்தோடு 2005 முதல் 2008 வரை ஒரு சோதனை செய்தார். சுமார் 30 ஒயின்கள் கொண்ட வரிசையில், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை வெவ்வேறு எண்களில் மூன்று முறை கலந்து வைத்தார். நடுவர்களுக்கு இது தெரியாது. மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். இன்னொரு பத்து சதவீதத்தினர் அதே ஒயினுக்கு ஒரு முறை வெண்கலமும் இன்னொரு முறை தங்கமும் கொடுத்திருந்தார்கள். இவர்கள் தெருவில் போனவர்கள் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட நிபுணர்கள்.

இதற்கு முன்பே 1976 மே 24 அன்று பாரிஸில் ஒரு கூத்து நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர், பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின்களோடு கலிஃபோர்னியா ஒயின்களையும் பெயர் மறைத்து ஊற்றினார். நடுவர்களாக ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள். கலிஃபோர்னிய வெள்ளை ஒயின் ஒன்றைக் குடித்த ஒருவர், பிரான்ஸுக்கே திரும்பி வந்துவிட்டதாக மகிழ்ந்தார். முடிவில் வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு. முடிவு தெரிந்ததும் ஒரு நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். பெயர் மூடியிருந்தபோது அவருடைய நாக்கு சொன்னதை, பெயர் தெரிந்த பிறகு அவரால் ஏற்க முடியவில்லை.

பிரெஞ்சு ஒயின்களின் அந்தப் பெயர் எப்படி வந்தது? 1855 பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ தரகர்கள் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து படிகளாக வரிசைப்படுத்தினார்கள். யாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்துப் பார்க்கவில்லை. அதுவரை சந்தையில் யாருக்கு என்ன விலை கிடைத்ததோ, அதுதான் அளவுகோல். அந்த வரிசை இன்றும் இருக்கிறது. உரிமையாளர் மாறலாம், நிலத்தின் எல்லை மாறலாம், படி மாறாது. இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறிய தோட்டம் இத்தனை காலத்தில் ஒன்றே ஒன்று, 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட். ஒரு முறை ஏற்றி வைத்த படி, பிறகு தன்னையே சான்றாகக் காட்டி நீடிக்கிறது. அம்பேத்கரின் படிநிலைச் சமத்துவமின்மையைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஒயினும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் படி ஒயினை முதல் படி ஒயினோடு கலந்தால் யாரையும் வெட்டிப் போட மாட்டார்கள்.

இதே பிரெஞ்சுக்காரர்கள்தான் 1739 முதல் 1954 வரை எங்கள் ஊரை ஆண்டார்கள். 1881இல் ஓர் ஆணை வந்தது. தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு வகையில் லேபிளைக் கிழித்துப் புதிதாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு. பெயரை மாற்ற முடிந்தது. தெருவை மாற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை.

எங்கள் தெருவிலும் ஒரு நடுவர் இருந்தார். தாத்தாவோடு வயல் வேலைக்குப் போனவர். கள்ளை ஒரு வாய் வைத்ததும் காலையில் இறக்கியதா அந்தியில் இறக்கியதா, தண்ணீர் கலந்திருக்கிறதா, கலயத்தில் சுண்ணாம்பு மிச்சம் இருந்ததா என்று சொல்லிவிடுவாராம். அவர் சொன்னது தப்பென்றால் மரம் ஏறியவரே அங்கேயே மறுத்துவிடுவார். தினமும் சோதிக்கப்பட்ட நாக்கு அது. ஆனால் அந்த நாக்குக்கு ஊர் வைத்த பெயர் நிபுணர் அல்ல, குடிகாரன். அப்பாயி இதைக் கேட்டால் என்னைத் திட்டுவார், திட்டுவதில் நியாயமும் உண்டு. தாத்தாவின் கூலி வீடு வந்து சேருவதற்குள் பாதி கள்ளுக்கடையில் இறங்கிவிடும் என்று ஆயுள் முழுக்கச் சொல்லி அழுதவர் அவர். கள்ளைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது வேறு. காரைக்காலில் உரிமம் பெற்று விற்கும் கள், வாஞ்சூரைத் தாண்டி நாகூர்ப் பக்கம் போனதும் குற்றமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆலைச் சரக்கை அங்கே அரசே விற்கிறது. எது சுவை, எது நாற்றம், எது ரசனை, எது போதை என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் எப்போதும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அந்த நாற்காலிக்கு எதிரே நானும் உட்கார்ந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வு. எழுத்துத் தேர்வில் முதல் மூன்று பேரில் நான் ஒருவன். உள்ளே ஐந்து பேர். முதல் கேள்வி என் ஆய்வு முன்மொழிவைப் பற்றியதல்ல. "காரைக்கால்ல எங்க?" ஊரைச் சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" தெருவைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். பட்டியலில் என் பெயர் இல்லை. விசாரித்தபோது ஆய்வுக்கான முதிர்ச்சி போதவில்லை என்றார்கள். மறு ஆண்டு அதே முன்மொழிவை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வேறிடத்தில் கொடுத்தேன். அங்கே முதலாவதாகத் தேர்வானேன். ஒரே பாட்டில், இரண்டு கோப்பை.

முதல் குழு சாதி பார்த்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அவர்கள் நேர்மையாகவே மதிப்பிட்டிருக்கலாம். அன்று நான் மோசமாகப் பேசியிருக்கலாம். சிக்கலே அதுதான். எது நடந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள எந்த ஏற்பாடும் கிடையாது. ஒயின் போட்டிக்காரர்கள் தங்கள் நடுவர்களைச் சோதிக்கச் சம்மதித்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை தேர்வுக் குழுக்கள் அதற்குச் சம்மதிக்கும்?

சோதித்த இடத்தில் என்ன கிடைத்தது என்பதற்கு ஜேஎன்யு சாட்சி. அங்கே அப்துல் நாஃபே தலைமையிலான குழு எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் நேர்முக மதிப்பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. விளிம்புநிலை மாணவர்களுக்கு எதிரான பாகுபாட்டைச் சுட்டும் வேறுபாடு தெரிகிறது என்று சொல்லி, நேர்முகத் தேர்வின் பங்கை 30 மதிப்பெண்ணிலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதே 2016இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி எதிர்த்திசையில் வந்தது. எழுத்துத் தேர்வு வெறும் தகுதிக்கு, சேர்க்கையை முடிவுசெய்வது நேர்முகம் என்றது. சேலத்திலிருந்து ஜேஎன்யு சென்ற நம் தோழர் முத்துகிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறப்பதற்கு முன் எழுதிய கடைசிப் பதிவில், ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்பதைத்தான் சொல்லியிருந்தார்.

"அப்படியானால் சாதியை மறைத்துவிடலாமே, இடஒதுக்கீடு எதற்கு?" என்று உடனே ஒரு குரல் வரும். லேபிளை மூடச் சொல்வது நடுவரின் கண்ணுக்கு, கணக்கெடுப்புக்கு அல்ல. ஹாட்சன் ஒவ்வொரு கோப்பையிலும் என்ன இருந்தது என்று குறித்து வைத்திருந்ததால்தான் நடுவர்களின் தடுமாற்றம் தெரியவந்தது. யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று சாதிவாரியாக எண்ணாவிட்டால் பாகுபாடு கண்ணுக்கே தெரியாது. மறைப்பும் எண்ணிக்கையும் சேர்ந்தே வேண்டும்.

நேர்முகத் தேர்வில் முகத்தை மூட முடியாது, பேச்சு வழக்கையும் மூட முடியாது. அதனால்தான் அதன் எடையைக் குறைக்கச் சொல்கிறோம். ஆய்வு முன்மொழிவைப் பெயரும் ஊரும் இல்லாமல் முதலில் மதிப்பிடட்டும். குழுவில் ஒவ்வொருவரும் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண்ணும் காரணமும் எழுதட்டும். எழுத்துக்கும் நேர்முகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு துறைத் தலைவரும் நான்கு தாள்களும் போதும்.

நண்பன் போன வாரம் பேசினான். நெறியாளருக்கு ஒயின் ரொம்பப் பிடித்துவிட்டதாம். "மெடல் வாங்குனது போலிருக்கே" என்று ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாராம். அவனுக்கு அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு.