பழைய படகும் புதிய இயந்திரமும்

மன்னார்க் கரையில் பழைய உள்ளிணைப்பு இயந்திரப் படகைத் திருத்தி, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டினால் கடற்றொழிலாளியின் துயர் தீரும் என்போர் உளர். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆழமற்ற கடலில் அவ்வியந்திரத்தைத் தூக்கிக்கொள்ளலாம். பழுதானால் கழற்றி வீட்டுக்கே கொண்டுவரலாம். பழைய தண்டுத் துளையை அடைத்து, பின்பலகையை வலுப்படுத்த வேண்டும்; அவ்வளவே.

ஆனால் எரிபொருள்? டீசலில் ஓடிய படகு மண்ணெண்ணெய்க்கு மாறுகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. பேசாலையிலோ தலைமன்னாரிலோ அன்று மீன் விலை நான்கு மடங்காகவில்லையே!

இயந்திரம் வாங்கக் கடன் தருவோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கையொப்பம் வாங்குமுன், ஒருநாள் தொழிலுக்கு எத்தனை லீற்றர் எரியும், அதை ஈடுசெய்ய எத்தனை கிலோ மீன் பிடிபட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கை மறைத்துத் தரும் கடன் உதவியாகாது.