பேரலுக்கு எவ்வளவு?

ஏலச்செடியில் திரிப்ஸ் எனும் இலைப்பேனுக்கு '0.05 சதவீதக் கரைசல் தெளிக்கவும்' என்று ஒரு துண்டுப்பிரசுரம் சொன்னால், அதில் பிழை ஏதும் இல்லை. எழுதிய விஞ்ஞானிக்கு அது மிகத் திட்டமான அளவு. குரங்கணிக்கு மேலே, தோட்டத்தில் 200 லிட்டர் பேரலின் அருகே மருந்து டப்பாவுடன் நிற்பவருக்கோ அது விடுகதை.

அந்த 0.05 என்பது வீரியப் பொருளின் அளவு. டப்பாவில் 25 ஈ.சி. என்றிருந்தால், உள்ளே இருப்பதில் நாலில் ஒரு பங்குதான் பூச்சியைக் கொல்லும் சரக்கு. ஆகவே லிட்டருக்கு 2 மில்லி, பேரலுக்கு 400 மில்லி ஊற்ற வேண்டும். இது தெரியாதவர் டப்பாவில் உள்ளதையே 0.05 சதவீதமாகக் கணக்கிட்டு 100 மில்லியோடு நிறுத்துவார். பூச்சி சாகாது, காயில் சொறி விழும். புள்ளிக்குப் பின்னுள்ள பூஜ்யத்தைக் கவனிக்காமல் 0.5 என்று படித்தாலோ பத்து மடங்கு! தெளிக்கிற ஆளுக்கும் ஆபத்து, போடி ஏலத்துக்குப் போகும் காயிலும் நஞ்சு எச்சம்.

அதே பிரசுரத்தில், காய் அழுகலுக்கு 1 சதவீத போர்டோ கலவை என்றும் இருக்கும். இங்கே சதவீதம் தாமிரத்தைக் குறிப்பதன்று, மயில்துத்தத்தையே குறிக்கும். 100 லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு. படிப்பவர் என்ன செய்வார்?

போர்டோ கலவைக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. தீட்டிய அரிவாள் நுனியைக் கலவையில் சற்று நேரம் வைத்து எடுத்தால், செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்ற வேண்டும். இதில் எண்ணே இல்லை, ஆனாலும் யாரும் குழம்புவதில்லை.

உரத்திலும் இதே கதைதான். எக்டருக்கு 75 கிலோ தழைச்சத்து என்றால் 75 கிலோ யூரியா அன்று. முழுவதையும் யூரியாவாக இட்டால் 163 கிலோ; ஏக்கருக்குச் சுமார் 66 கிலோ.

மருந்துக்கு மருந்து வீரியம் மாறும், அதனால்தான் சதவீதத்தில் எழுதுகிறோம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் மழைக்கு முன் அவசரமாகத் தெளிப்பவர் அந்த வகுத்தலைப் போடுவதைவிட, எழுதுபவர் மேஜையில் உட்கார்ந்து போட்டுத் தருவது எளிது. மருந்தின் பெயர், வீரியம், 200 லிட்டருக்கு எத்தனை மில்லி. ஒரு வரி போதும். சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். அதிகாரிகளுக்கு அது தேவைப்படும்.