உல்லாசப் பயணமும் ஓர் எஸ்டிமேட்டும்



ஆண்டு மலர் என்றால் கவிதை எழுதுவார்கள், நட்பைப் பற்றி எழுதுவார்கள், பிரிவைப் பற்றி எழுதுவார்கள். நான் கணக்கு எழுத வந்திருக்கிறேன். "மலர்லயும் கணக்காடா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது நம் எல்லோருக்கும் பிடித்த டூர் பற்றிய கணக்கு.

போன ஜனவரியில் எங்கள் வகுப்பு திருச்சியிலிருந்து ஊட்டிக்குப் போய் வந்தது. மூன்று பகல், இரண்டு இரவு. போட்டோ பார்த்தவர்கள் எல்லாம் "செம டூர்" என்றார்கள். அந்த டூருக்கு பட்ஜெட் போட்டவன் நான்தான். அது தப்பான பட்ஜெட் என்று ஒப்புக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

நான் போட்ட கணக்கு இதுதான். பஸ் வாடகை 60,000 ரூபாய். 40 பேர் கை தூக்கினார்கள், ஆகவே ஆளுக்கு 1,500. ரூம் வாடகை ஆளுக்கு 500. சாப்பாடு 500. மொத்தம் 2,500. கரும்பலகையில் எழுதிப் போட்டதும் ஒரே கைத்தட்டல்! எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நடந்தது என்ன? கை தூக்கியவர்கள் 40 பேர், பணம் கட்டியவர்கள் 32 பேர். பஸ்காரர் ஆளைப் பார்த்து வாடகையைக் குறைப்பாரா? அதே 60,000தான். ஆளுக்கு 1,875 ஆகிவிட்டது. "பார்த்துக்கலாம்டா" என்று கிளம்பினோம். ரூமுக்கு சனி, ஞாயிறு ரேட் தனி என்றார்கள். 500 என்பது 600 ஆனது. டிரைவர் பேட்டா, டோல்கேட், பார்க்கிங் ஆகிய மூன்றையும் நான் எழுதவே இல்லை. அது ஆளுக்கு 200. பொட்டானிக்கல் கார்டன், ரோஜாத் தோட்டம், தொட்டபெட்டா, படகு இல்லம் என்று இடத்துக்கு ஓர் டிக்கெட், அது 350. மூன்று நாளில் ஒன்பது வேளைச் சாப்பாட்டை 500 ரூபாயில் முடிக்கலாம் என்று நினைத்தேனே, என்ன தைரியம்! 900 ஆனது. கூட்டிப் பாருங்கள்: 3,925. நான் சொன்னதைவிட 1,425 அதிகம்.

இதில் ஸ்வெட்டர் சேர்க்கவில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். ஜனவரியில் புல்மேல் உறைபனி விழும் ஊர். திருச்சி வெயிலில் வளர்ந்தவனிடம் ஸ்வெட்டர் ஏது? இருந்தவன் மாட்டிக்கொண்டான், இல்லாதவன் போய் இறங்கிய இடத்தில் கேட்ட விலைக்கு வாங்கினான். இரண்டும் முடியாதவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு, "எனக்குக் குளிரே தெரியலடா" என்றான்.

போர்வை சுற்றியவன் என் நண்பன். பெயர் வேண்டாம். படகு இல்லத்தில் எல்லோரும் படகில் ஏறியபோது, "நீங்க போங்கடா, நான் பை எல்லாம் பார்த்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். நானும் ஏறித்தான் போனேன். அன்று ராத்திரி ரூமில் நோட்டை விரித்து, "ஆளுக்கு இன்னும் 1,425 கொடுங்க" என்று வசூல் செய்தேன். சிலர் வீட்டுக்கு போன் போட்டு உடனே அனுப்பச் சொன்னார்கள். அவன் மட்டும் வெளியே போய்விட்டு அரை மணி நேரம் கழித்து வந்து கொடுத்தான். அதில் பாதி பரீட்சை ஃபீஸுக்கு வைத்திருந்த பணம், பாதி இன்னொருவனிடம் வாங்கிய கடன். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தெரிந்தது எப்படி? என் அப்பா கொத்தனார். ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளம் போடும் இடத்துக்கு அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். சட்டி கை மாற்றும் வரிசையில் அவன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "பிராக்டிகல் கிளாஸ்டா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. அன்று ராத்திரி டூர் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பையன் கையில எவ்வளவு இருக்குன்னு முதல்ல கேட்டியா?"

நான் கேட்கவில்லை நண்பர்களே. யாரையும் கேட்கவில்லை. ஊரை முதலில் முடிவு செய்தோம், பணத்தைப் பிறகு தேடினோம்.

வீடு கட்ட வருகிறவரிடம் அப்பா எப்போதும் தொகையைக் கூட்டித்தான் சொல்வார். குறைத்துச் சொன்னால் வேலை உடனே கிடைக்கும். ஆனால் பாதியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள் எல்லாம் அப்படிக் குறைத்துச் சொன்ன வீடுகள்தான் என்பார். "சொல்றப்ப கசக்கணும், முடிக்கிறப்ப இனிக்கணும்" என்பது அவர் கொள்கை. இதையேதான் எஸ்டிமேட்டிங் பாடத்தில் நாம் வேறு பெயரில் படிக்கிறோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாகப் போடுவது ரஃப் எஸ்டிமேட். ஒவ்வொரு வேலையையும் அளந்து, ரேட் போட்டு எழுதுவது டீடெய்ல்டு எஸ்டிமேட். எதிர்பாராத செலவுக்கு 3 முதல் 5 சதவீதம் கன்டின்ஜென்சி. மஞ்சூரான தொகையை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் திருத்திய எஸ்டிமேட் போட வேண்டும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினேன். டூருக்கு 57 சதவீதம் தாண்டியும் ஒரு பேச்சு பேசாமல் பஸ் ஏறினேன்!

இனி டூர் போகப்போகும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்.

முதலில் ஒரு பெட்டி வையுங்கள். எவ்வளவு கொடுக்க முடியும் என்று பெயர் எழுதாத சீட்டில் எல்லோரும் எழுதிப் போடட்டும். சராசரி பார்க்காதீர்கள். இருப்பதிலேயே குறைந்த தொகையை வைத்து ஊரைத் தேடுங்கள். ஊட்டி எங்கேயும் ஓடிப்போகாது.

இரண்டாவது, பங்குச் செலவு வேறு, ஆள் செலவு வேறு. பஸ் வாடகை பங்குச் செலவு. ஒருவன் வராவிட்டால் மற்றவன் தலையில் ஏறும். ரயில் டிக்கெட் ஆள் செலவு. யார் வராவிட்டாலும் நம் டிக்கெட் விலை மாறாது. பங்குச் செலவைக் கை தூக்கியவர்களால் வகுக்காதீர்கள், முன்பணம் கட்டியவர்களால் வகுங்கள். பணம் குறைவு என்றால் திருச்சியிலிருந்து ரயில் ஏறி ராமேஸ்வரம் போகலாமே! 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்திருக்கிறார்கள். கப்பல் போக 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். சிவில் மாணவனுக்கு இதைவிட என்ன டூர் வேண்டும்?

மூன்றாவது, சில்லறை என்று எதையும் விடாதீர்கள். பேட்டா, டோல், பார்க்கிங், நுழைவுச் சீட்டு, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் எழுதுங்கள். போன வருடம் போய் வந்த சீனியரைக் கேட்டாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அதற்குக் காசு இல்லை. ஆனால் மறந்துபோய் செக்போஸ்ட்டில் நின்றால் ஒரு வேளைச் சாப்பாடு கூடும்.

நான்காவது, கட்டடத்துக்கு 5 சதவீதம் என்றால் டூருக்கு 10 சதவீதம் கையிருப்பு வையுங்கள். மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கிளம்பும் முன்பே தொகை தாண்டினால் அப்போதே சொல்லுங்கள், வேண்டாம் என்பவன் மரியாதையாக விலகிக்கொள்வான். போன இடத்தில் இரண்டாவது வசூல் கூடவே கூடாது. அங்கே வைத்துக் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"இவ்வளவு கணக்குப் பார்த்தா ஜாலி எங்கடா இருக்கும்?" என்று சிலர் கேட்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளந்து போட்டால்தான் எல்லோருக்கும் ஜாலி. அளக்காமல் போட்டால் பணம் இருப்பவனுக்கு மட்டும் ஜாலி.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் எந்தத் துறை டூர் அறிவித்தாலும், இந்த முழு எஸ்டிமேட்டையும் அறிவிப்போடு சேர்த்து ஒட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். நான் இந்த ஆண்டோடு வெளியே போகிறேன். அடுத்து வருகிறவர்களில் ஒருவன்கூடப் படகு இல்லத்துப் பெஞ்சில் பை பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது.

சிந்திப்போம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் துறை