தடை உழவருக்கு, வழி கழிவுக்கு

தில்லி யமுனைப் படுகையில் உணவுப் பயிர்களைச் சாகுபடி செய்யக் கூடாது என 2015 ஜனவரியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஈயம், காட்மியம் கலந்த நீரில் விளையும் கீரையை மக்கள் உண்ணக் கூடாது என்பது சரியே. கிருமி என்றால் கொதியில் சாகும். உலோகம் சாகாது, ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே தங்கும்.

ஆனால், குத்தகை உழவர் மீது பாய்ந்த தடையின் வேகம், நஜஃப்கர் வாய்க்கால் வழியே ஆற்றில் சேரும் ஆலைக் கழிவின் மீது காட்டப்படவில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18-ஆவது பிரிவில் விளைநிலத்துக்கு விலக்கு அளித்துள்ளது. சிறு விவசாயிகளை அதிகாரிகளின் தொல்லையிலிருந்து காக்கும் அந்த விலக்கில் தவறில்லை. அப்படியானால் கழிவை அதன் வாயிலிலேயே நிறுத்தியாக வேண்டும். விதிமீறும் ஆலையை மூடவும், மின்சாரத்தைத் துண்டிக்கவும் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1988-ஆம் ஆண்டுத் திருத்தம் முதலே அதிகாரம் அளிக்கிறது.