ஆறத் தெரிந்த கண்ணும் ஆறவிடாத காரணமும்

கருவிழிப் புண்ணோடு வரும் நாயையோ பூனையையோ மேசைமீது நிறுத்திப் பரிசோதித்து முடிப்பதற்குள், அண்மைக் காலமாகக் குடும்பத்தாரிடமிருந்து ஒரு கேள்வி எழுகிறது: "டாக்டர், இதற்கு ஸ்டெம் செல் வைத்தியம் செய்தால் உடனே சரியாகிவிடுமாமே?" அக்கேள்விக்குப் பின்னால் இருப்பது அன்பு. பேசத் தெரியாத ஓர் உயிர் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் படுத்திருப்பதைப் பார்த்துத் தூக்கம் இழந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் அதற்கு முழுமையாக விடை சொல்ல இயலுவதில்லை. ஆகவே எங்கள் கண் பிரிவின் கருத்தை இச்செய்திமடல் வழியே முன்வைக்கிறோம்.

மீளுருவாக்க சிகிச்சைகள் பொய்யல்ல. அவற்றில் சிலவற்றை நாங்களே பயன்படுத்துகிறோம். ஆயினும் ஆறாத புண்ணுக்கு முதலில் கேட்க வேண்டியது "எதைச் சேர்த்தால் ஆறும்?" என்பதன்று, "எது ஆறவிடாமல் தடுக்கிறது?" என்பதே. இவ்வரிசை மாறும்போது பணம் போகிறது, நாள் போகிறது, சில வேளைகளில் கண்ணே போய்விடுகிறது.

கருவிழி, இயல்பிலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. நாயின் கருவிழி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. இரத்தக் குழாய்கள் அதில் இல்லை. ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. மேலே உள்ள மெல்லிய தோலில் கீறல் விழுந்தால், சுற்றிலும் உள்ள செல்கள் நகர்ந்து வந்து பள்ளத்தை மூடுகின்றன. கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் விளிம்பில் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், வாழ்நாள் முழுவதும் புதிய செல்களை உண்டாக்கித் தருகின்றன. கிருமித் தொற்று இல்லாத மேலோட்டமான புண், சொட்டு மருந்தும் கழுத்துக் கூம்பும் இருந்தால், பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் ஆறிவிடுகிறது. ஒரு வாரத்தைத் தாண்டியும் ஆறவில்லையெனில், கண்ணுக்கு ஆறத் தெரியவில்லை என்று பொருளன்று. ஏதோ ஒன்று அதை ஆறவிடவில்லை என்றே பொருள்.

இதை நாங்கள் நூல்களில் மட்டும் கற்கவில்லை; எங்கள் பிழையிலிருந்தும் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை வயது ஷிட்ஸு நாய் ஒன்று ஆறாத புண்ணோடு எங்களிடம் வந்தது. வேறிடத்தில் பத்து நாள் சொட்டு மருந்து போட்டிருந்தார்கள். நாங்கள் அதன் இரத்தத்தை எடுத்துச் சீரம் பிரித்துச் சொட்டு மருந்தாகக் கொடுத்தோம். அந்த வீட்டுப் பாட்டி இரவும் பகலும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மருந்து விட்டார். இரண்டு வாரமாகியும் புண் அப்படியே இருந்தது. பிறகுதான் மேலிமையை முழுவதும் புரட்டி உருப்பெருக்கி வழியே பார்த்தோம். இமையின் உட்புறத்தில் ஒற்றை முடி ஒன்று முளைத்து, ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அதே இடத்தை உராய்ந்துகொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்து அதை வேரோடு நீக்கினோம். அடுத்த வாரத்திற்குள் புண் மூடிவிட்டது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய முடி அது. பாட்டியிடம் அதை மறைக்காமல் சொன்னோம். "முடியை விட்டுவிட்டு என்னை ராத்திரியெல்லாம் முழிக்க வைத்தீர்களே" என்று அவர் கூறியதை எங்கள் பிரிவில் இன்றும் நினைவுகூர்கிறோம்.

தடைகள் பலவகை. இமை உள்நோக்கி மடிந்திருக்கலாம். மூன்றாம் இமைக்குப் பின்னால் புல்விதை ஒன்று ஒளிந்திருக்கலாம். கண்ணீர் குறைந்திருக்கலாம், இமையோரம் காகிதப் பட்டையை ஒரு நிமிடம் வைத்தால் ஆரோக்கியமான நாய்க்கு 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் நனையும். பக், ஷிட்ஸு போன்ற முகம் தட்டையான இனங்களில் விழி முன்தள்ளியிருப்பதால் உறங்கும்போதும் இமை முழுவதும் மூடுவதில்லை. கருவிழியின் உணர்வும் அவற்றில் மந்தமாக இருக்கும். பாக்ஸர் முதலிய இனங்களில் நடுத்தர வயதில் வரும் ஒருவகைப் புண்ணில், புதிய தோல் வளர்ந்தும் அடித்தளத்தோடு ஒட்டுவதில்லை. ஒட்டாத தோலை அகற்றி, வைரத் துகள் பதித்த சிறு கருவியால் அடித்தளத்தை மெல்லத் தேய்த்துவிட்டால் பெரும்பாலானவை ஆறிவிடுகின்றன. பூனைக்கோ ஹெர்பிஸ் வைரஸ் முக்கியக் காரணம். நாய்க்குச் செய்வதுபோல் ஊசியால் கட்டம் கீறும் முறையைப் பூனைக்குச் செய்தல் ஆகாது. கருவிழித் திசு இறந்து கருமையாகப் படியும் ஆபத்து உண்டு. காரணம் அறியாமல் தரும் சிகிச்சை, எவ்வளவு நவீனமாயினும், இருட்டில் எறிந்த கல்லே.

அப்படியெனில் மீளுருவாக்க சிகிச்சைக்கு உரிய இடம் எது? கிருமிகளும் உடலின் வெள்ளணுக்களும் வெளியிடும் நொதிகள் கருவிழியையே கரைக்கத் தொடங்கும் புண்கள் உண்டு. காலையில் புள்ளியாக இருந்தது மறுநாளைக்குள் கூழ்போல் இளகித் துளைபடக்கூடும். இங்கே சீரம் சொட்டு மருந்துக்குத் தெளிவான பணி இருக்கிறது. இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் அந்நீரில், அந்நொதிகளைக் கட்டிப்போடும் புரதங்களும் செல் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் உள்ளன. மனிதரின் வறண்ட கண்ணுக்கு இதைப் பயன்படுத்தியது 1984 ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. விலை மிகக் குறைவு. ஆனால் தொடக்கத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை விட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். குறித்த நாள் கடந்தால் கொட்டிவிட வேண்டும். அதில் கிருமி வளர்ந்துவிட்டால் மருந்தே நஞ்சாகும். கிருமிக்கொல்லி மருந்துக்குத் துணையாகவே அது பயன்படும், அதற்கு மாற்றாகாது.

புண் ஆழமாகிவிட்டால் சொட்டு மருந்து போதாது. அறுவை சிகிச்சை வேண்டும். விழிவெண்மையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வின் ஒரு பட்டையைத் திருப்பிப் புண்மீது தைப்பது பழைய முறை. அப்பட்டை தன் இரத்தக் குழாய்களோடு வருவதால் சீரமும் செல்களும் இடைவிடாமல் புண்ணுக்குச் சென்று சேர்கின்றன. விளம்பரமில்லாத இவ்வறுவையும் ஒரு மீளுருவாக்க சிகிச்சையே என்பது எங்கள் எண்ணம். பனிக்குடப் படலத்தைக் கருவிழிமீது போர்த்தும் முறை, 1995 இல் முயல்களில் வெளிவந்த ஆய்வுக்குப் பின்னரே மனித மருத்துவத்தில் மீண்டும் பரவியது. பிரேசிலின் சியரா மாநிலத்தில், நம்மூரில் ஜிலேபி மீன் எனப்படும் திலேப்பியாவின் தோலைப் பதப்படுத்தி நாய்களின் கருவிழிப் புண்ணை அடைக்கிறார்கள். இவையெல்லாம் மகிழ்ச்சி தரும் முயற்சிகள்.

ஸ்டெம் செல் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த கருவிழி விளிம்புக் குருத்தணுக்களால் மனிதரின் பார்வையை மீட்டமை 1997 இல் இத்தாலியிலிருந்து வெளிவந்த செய்தி. அவ்வழியில் உருவான சிகிச்சைக்கு 2015 இல் ஐரோப்பாவில் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அது யாருக்கு? தீக்காயத்தாலோ இரசாயனத்தாலோ விளிம்பிலிருந்த குருத்தணுக்களையே இழந்தவர்களுக்கு. எங்களிடம் வரும் பெரும்பாலான நாய்களிலும் பூனைகளிலும் அவ்விளிம்பு நலமாகவே இருக்கிறது. கிணற்றில் நீர் இருக்கும்போது வாளி ஓட்டையாக இருப்பதைப் பாராமல், வெளியிலிருந்து நீர் வாங்கி ஊற்றுவதில் என்ன பயன்? செல்லப் பிராணிகளின் கருவிழிப் புண்ணுக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இட்டுப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லாதவை பல. தட்டணு செறிந்த பிளாஸ்மாவைப் பற்றிய முடிவுகளும் ஒருமித்தவை அல்ல. தானாகவே ஆறியிருக்கக்கூடிய புண், எதைப் போட்டாலும் அதனால் ஆறியதாகவே தோன்றும்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மருத்துவர் இத்தகைய சிகிச்சையைப் பரிந்துரைத்தாலும், நாங்களே பரிந்துரைத்தாலும், நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். புண் ஆறாமைக்குக் காரணம் கண்டறியப்பட்டதா? இச்சிகிச்சை அக்காரணத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது? இதைவிட எளிய வழி முயலப்பட்டதா? எத்தனை நாளில் முன்னேற்றம் தெரியவில்லையெனில் வழியை மாற்றுவோம்? விடை கூற மருத்துவர் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. விடையே இல்லையெனில் பணத்தைக் கட்ட வேண்டாம்.

சில கண்களைக் காப்பாற்ற இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும். துளைபட்டுச் சுருங்கி, ஓயாது வலிக்கும் கண்ணை அகற்றுவது கைவிடுதல் ஆகாது. வலி நீங்கியபின் ஒற்றைக் கண்ணோடு வாசலுக்கு ஓடிவரும் நாய்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். இன்னொரு புதிய ஊசி, இன்னொரு வாரம் என்று அவ்வலியை நீட்டிப்பதுதான் கொடுமை.

இறுதியாக, எந்த ஆய்வகமும் தர இயலாத ஒன்று உங்கள் கையில் உள்ளது: முதல் நாள். கண்ணைச் சுருக்கினாலோ, நீர் வடிந்தாலோ, கருவிழி மங்கினாலோ அன்றே அழைத்து வாருங்கள். பச்சை நிறம் காட்டும் சொட்டுப் பரிசோதனை சில நிமிடங்களில் புண் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். அதற்குமுன் வீட்டில் மீந்த சொட்டு மருந்தை விட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் கரைவதை அதுவே விரைவுபடுத்தும். கழுத்துக் கூம்பை, "பாவம், கஷ்டப்படுகிறது" என்று இரவில் கழற்றிவிட வேண்டாம். கண் தன் வேலையைச் செய்யும். அதற்கு இடையூறு இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் இருவரின் வேலை.