வாங்கும்போது வியாபாரம், கேட்கும்போது குடும்பம்

'நீங்க என்ன ஆளுங்க?'

மதுரையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் சாவியை வாங்குகிறார்கள். சிலர் நேராகவே கேட்பார்கள். சிலர் சுத்தி வளைப்பார்கள்: சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு, குலசாமி எது, கறி மீன் சாப்பிடுவீங்களா, கல்யாணம் ஆயிருச்சா. கே.கே.நகரோ வில்லாபுரமோ, கேள்வித்தாள் ஒண்ணுதான். மாசாமாசம் வாடகையை ஒழுங்காகக் கொடுப்பீர்களா என்பது அதில் கடைசிக் கேள்வி.

'நம்ம வீட்டுல குடிவைக்கிற ஆளை நாமதானே பாத்து வைக்கணும்' என்கிறார்கள். சரி, அது வீடு, குடும்பம், மனசுக்குப் பிடித்தவர்களுக்குத்தான் இடம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் காசு விஷயத்திலும் குடும்பமாகத்தானே நடக்க வேண்டும்? அங்கே மட்டும் ஏன் இவ்வளவு கறார்?

வாடகை பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாச அட்வான்ஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. முதல் மாச வாடகை தனி. பாலைக் காய்ச்சும் முன்பே ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் போய்விட்டது. இருபத்தைந்தாயிரம் சம்பளம் வாங்கும் நர்ஸுக்கோ, விளக்குத்தூண் ஜவுளிக்கடை ஊழியருக்கோ இது ஏறக்குறைய ஆறு மாசச் சம்பளம். காலி பண்ணும்போது 'பெயிண்டிங்குக்கு' என்று ஒரு மாச வாடகை பிடித்தம். அரசு வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாகக் கொடுக்கிறது. குடியிருப்பவரோ சப்-மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று எடுத்து வைக்க வேண்டும். உறவுக்காரர்களிடம் யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. இது வியாபாரம்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒத்தி. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாச வாடகை கிடையாது. காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஒத்திக்கு வருகிறவர் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கிறார். கடன் கொடுக்க வந்தவரை வாசலில் நிறுத்தி 'நீ என்ன ஆளு' என்று கேட்கும் தைரியம் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது? திருப்பிக் கேட்கும்போது மட்டும் 'அடுத்த ஆளு வந்தாத்தான் உங்க காசு' என்பார்கள்.

வியாபாரம் என்றால் வியாபாரத்துக்கான விதி இருக்க வேண்டும். அரசியலமைப்பின் 15(2) பிரிவின்படி கடையிலும் ஓட்டலிலும் சாதியையோ மதத்தையோ காட்டி ஒருவரைத் தடுக்க முடியாது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. தீண்டாமையின் பேரால் ஒருவரை ஒரு தெருவில் குடியேற விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் எந்த வீட்டுக்காரர் காரணத்தைச் சொல்லி மறுக்கிறார்? 'நேத்துதான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம் தம்பி.' அவ்வளவுதான். டூ-லெட் பலகை மட்டும் ஒரு மாசத்துக்கு அங்கேயே தொங்கும். இதை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது?

வீட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பலர் பெரிய முதலாளிகள் கிடையாது. பி.எஃப். பணத்தைப் போட்டு மாடி எடுத்த ரிட்டயர்டு ஆசிரியருக்கு அந்த வாடகைதான் மருந்துச் செலவு. குடிவந்தவர் காலி பண்ண மறுத்தால் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயம் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் காலத்தில் வந்தது. அந்தப் பயம் பொய்யில்லை.

அதற்குத்தான் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். தகராறு என்றால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்பது சட்டவிரோதம். ஆனால் அந்த வரி 'வேறு உடன்பாடு இருந்தாலன்றி' என்று ஆரம்பிக்கிறது. இந்த ஒரு சொற்றொடர் போதும், பத்து மாசமும் சட்டப்படி ஆகிவிடும். சாமானை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நிற்பவருக்கும், சாவியைக் கையில் வைத்திருப்பவருக்கும் நடுவில் என்ன உடன்பாடு? 'சரிங்க' என்று சொல்வதைத் தவிர முதலாமவருக்கு வேறு வழி உண்டா? சாதி, மதம், சாப்பாடு, கல்யாணம் பற்றி இந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை.

ஆக, வீட்டுக்காரரின் பயத்துக்குச் சட்டம் மருந்து கொடுத்துவிட்டது. குடிவருகிறவரின் அவமானத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை. முதலில் அந்தச் சொற்றொடரை நீக்க வேண்டும். சாதி, மதம், திருமணம், உணவு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு ஒன்று வேண்டும். 'சைவம் மட்டும்' என்று எழுதிய பலகை அப்போது அதற்கு எதிரான சாட்சியாகவே நிற்கும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத வேலையும் ஒன்று உண்டு. இதைப் படிப்பவர்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ பேச்சிலர் என்று துரத்தப்பட்டு, அந்தக் கோபத்தை ஸ்டேட்டஸாகப் போட்டவர்கள். உங்களில் எத்தனை பேருடைய சொந்த ஊர் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்? அவர்கள் வீடு கேட்டு வந்த அன்று உங்கள் அப்பா அவர்களிடம் என்னென்ன கேட்டார்? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அதைக் கேளுங்கள். அவர்களுடைய அட்வான்ஸ் எத்தனை மாசம், கரண்டு யூனிட் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.