மறதிக்கு மாத்திரை கேட்கும் இளைஞர்கள்

திருப்பூரில் பொது மருத்துவராக இருக்கிறேன். காய்ச்சல், சர்க்கரை, முதுகுவலிக்கு அடுத்தபடியாக இப்போது என் கிளினிக்கில் அதிகம் காதில் விழும் புகார் மறதி. சொல்பவர்கள் 22, 25, 30 வயதுக்காரர்கள். வைத்த சாவி, மேஸ்திரி சொன்ன வேலை, ராத்திரி படித்த பாடம் எதுவும் மனதில் நிற்பதில்லை என்கிறார்கள். சிலர் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, அல்சைமராக இருக்குமோ என்ற பயத்தோடு வருகிறார்கள். மற்றவர்கள் நேரடியாகவே கேட்டுவிடுகிறார்கள்: "ஞாபக சக்திக்கு ஒரு நல்ல மாத்திரையா எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான கணக்குப்படி, 30 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில் டிமென்ஷியா நோய் இருப்பது லட்சத்தில் சுமார் 119 பேருக்கு. அதிலும் 30 முதல் 34 வயதினரை மட்டும் எடுத்தால் லட்சத்தில் ஏறக்குறைய ஒருவர். என்னிடம் வரும் பிள்ளைகளில் அநேகருக்கு நினைவு அழிந்துபோகவில்லை. விஷயம் உள்ளேயே போகவில்லை. கவனம் நிற்காத இடத்தில் நினைவு பதிவதில்லை. ஆகவே கவனம் ஏன் நிற்கவில்லை என்றுதான் தேட வேண்டும்.

வீட்டில் இதற்கு ஒரே விடை வைத்திருக்கிறார்கள்: செல்போன். செல்போனுக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தொடுகிறவருக்குக் கையிலிருக்கும் வேலையில் மனம் ஊன்றாது. ஆனால் செல்போனைத் திட்டியதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வதால், அந்தப் பிள்ளையின் ரத்தத்தையும் தூக்கத்தையும் யாரும் பார்ப்பதில்லை. என் வருத்தமெல்லாம் இதில்தான்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது 24. அம்மா கூட வந்திருந்தார். "எந்நேரமும் போனுங்க, அதான் புத்தி நிக்க மாட்டேங்குது" என்றார். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "பீஸ் எண்ணிக்கிட்டே இருக்கறேனுங்க. நாப்பதுக்கு மேல எங்க விட்டேன்னே தெரிய மாட்டேங்குது. எம் சைஸ் கட்டுல எல் சைஸ் போயிருதுங்க." கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. "ஏங்கண்ணு, பச்சரிசி மெல்லுவியா?" என்று கேட்டேன். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "டெய்லி ஒரு கை திம்பனுங்க" என்றாள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குப் பச்சரிசி, மண், சாம்பல் என்று வாய் கேட்பதுண்டு. பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் சாப்பிடாமல் கிளம்பி, கம்பெனியில் தரும் டீயில்தான் மதியம் வரை ஓட்டியிருக்கிறாள். அதிக ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, டீக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடச் சொன்னேன். டீ இரும்பை உடம்பில் சேர விடாது. மூன்று மாதம் கழித்து வந்தபோது எண்ணிக்கை தப்புவதைப் பற்றி அவள் பேசவே இல்லை. நான் கேட்ட பிறகுதான், "அது இப்ப இல்லீங்க" என்றாள். செல்போன் அப்போதும் கையில்தான் இருந்தது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இத்தனை பேர் சோர்ந்த உடம்போடு தைத்துக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும்போது, கவனமில்லாத தலைமுறை என்று பட்டம் கட்டுவது அநியாயம்.

தைராய்டு குறைவும் பி12 குறைவும் இதே வரிசையில் வருபவை. பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான். சைவம் சாப்பிட்டுப் பாலும் குறைத்துக்கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வயிறு எரிகிறதென்று கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் தாங்களாகவே வாங்கி விழுங்குபவர்களும் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரைகள் பி12 சேர்வதைக் குறைக்கும். மறதியோடு கால் மரத்துப்போதலும் சேர்ந்தால் தள்ளிப் போடக் கூடாது.

அடுத்தது தூக்கம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வருவதை இந்த ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்போம். 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறியது; எதிர்ப்புக்குப் பிறகு அதைத் திரும்பப் பெறுவதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார். ஒன்றரை ஷிப்ட் அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கும் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு வேறு விதம். பகலெல்லாம் ஃபேக்டரி; இரவில் அமெரிக்க பையரின் மெயிலுக்கு பதில். ஷிப்மெண்ட் நெருங்கினால் நான்கு மணி நேரம் தூங்கினால் பெரிது.

1997-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதைக் காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வந்த முடிவு எனக்கு இன்னும் கவலை தருவது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவுகள்வரை கண்ணே மூடாதவர்களின் நிலைக்குச் சரிந்தது. ஆனால் தாங்கள் இவ்வளவு மோசமாகிவிட்டது அவர்களுக்கே தெரியவில்லை. "எனக்கு அஞ்சு மணி நேரம் போதுங்க" என்று சொல்லும் இளைஞரிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மறதி என்று சொல்லும்போது, பசி எடுக்கிறதா, விடியற்காலையில் விழிப்பு வந்து அழுகை வருகிறதா என்று கேட்பேன். மனச்சோர்வின் முதல் அடையாளமாகக் கவனக்குறைவு வருவதுண்டு. கட்டணமில்லா மனநல உதவி எண் 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

ஞாபக சக்தி மாத்திரை, டானிக் எதையும் நான் எழுதுவதில்லை. குறைபாடு இல்லாத இளைஞருக்கு அவற்றால் பயன் உண்டென்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. சீட்டில்லாமல் வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும், தும்மலுக்குத் தினமும் போடும் சில அலர்ஜி மாத்திரைகளும் கவனத்தை மேலும் மங்கச் செய்யும். தெரிந்த வழியே தடுமாறுவது, வலிப்பு, பேச்சுக் குழறல், திடீரென்று குணம் மாறுவது இவற்றில் ஏதாவது இருந்தால் கதையே வேறு; உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பல கம்பெனிகளில் ஆண்டுக்கொரு முறை மருத்துவ முகாம் வைக்கிறீர்கள். பிரஷர், சுகர், கண் பார்க்கிறீர்கள். அதோடு ஹீமோகுளோபினையும் தைராய்டையும் சேருங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்ற ஒரு கேள்வியையும் சேருங்கள். ஷிப்மெண்ட் வாரம் முடிந்ததும் இரண்டு நாளாவது ஒன்றரை ஷிப்டை நிறுத்துங்கள்.

பெற்றோர்களே, மறக்கிறது என்று பிள்ளை சொன்னால் திட்டாமல் ரத்தம் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் இலவசம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.